நாலாவது சீட்டு

சகோதரிகளே, நம் வீடுகளில் சீட்டு என்ற சொல்லுக்கு இதுவரை மூன்று அர்த்தங்கள்தான் இருந்தன. மாதாமாதம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் போட்டு, பெண்ணின் காதுகுத்துக்கோ கல்யாணத்துக்கோ எடுக்கிற ஏலச்சீட்டு ஒன்று. ஆண்பிள்ளைகள் தோப்பில் உட்கார்ந்து ஆடி, பெண்டாட்டி கழுத்துத் தாலிவரை அடகுக் கடைக்கு அனுப்பிய சீட்டாட்டம் இரண்டு. காலையில் கோடீஸ்வரன், சாயங்காலம் கடன்காரன் என்று ஆக்கிய லாட்டரிச் சீட்டு மூன்று.

இப்போது நாலாவதாக ஒன்று வந்து நம் பிள்ளைகளின் புத்தகப் பைக்குள் குடியேறியிருக்கிறது. அவர்கள் அதைச் சீட்டு என்று சொல்வதில்லை. ‘கார்டு’ என்கிறார்கள். மஞ்சள் எலி, நெருப்புக் கக்கும் பல்லி, முதுகில் செடி முளைத்த தவளை என்று விதவிதமான படங்கள் போட்டவை. போகிமான் கார்டு என்று பெயர்.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் சின்னவன் ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாக ஆரம்பித்தான்.

“அம்மா, மெட்ராஸ்ல ஒரு விழா நடக்குதாம். அதுல கார்டு டோர்னமென்ட்டும் இருக்காம். கூட்டிட்டுப் போறியா?”

என் மாமியார் காதில் ‘கார்டு’ என்ற சொல் விழுந்ததும் கையில் இருந்த வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டார். “சீட்டாட்டத்துக்குப் பெத்தவளே துணைக்குப் போறதா? நல்லா இருக்குடி கதை!”

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அவருடைய தம்பி ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். வாரக் கூலி வாங்கிய கையோடு லாட்டரிக் கடைக்குப் போவார். விழாத சீட்டுகளையும் பத்திரமாக ஒரு தகர டப்பாவில் வைத்திருப்பார். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டுக்குத் தடை வந்தபோது, ‘அரசாங்கம் என் தம்பி பெண்டாட்டிக்கு மறுபடி தாலி எடுத்துக் கொடுத்துச்சு’ என்று என் மாமியார் எல்லோரிடமும் சொல்லுவார். அப்படிப்பட்ட வீட்டில் பையன் சீட்டைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுகிறேன் என்றால் சும்மா விடுவார்களா?

ஆகவே முதலில் இது என்ன ஆட்டம் என்று நானே தெரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். பெங்களூரில் படிக்கும் என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். இவனுக்கு இந்தப் பித்தை ஏற்றிவிட்டவனே அவன்தான். “சித்தி, உட்காருங்க, சொல்றேன்” என்று தரையில் கடை பரப்பிவிட்டான்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. அங்கே விளையாட்டுப் பிரியர்கள் ஆண்டுதோறும் பெரிய மண்டபங்களில் கூடித் திருவிழா நடத்துவார்கள். அதில் ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்த நிகழ்ச்சிக்கும் நடுவே காத்துக் கிடக்கும் நேரத்தில் ஆடுவதற்குக் கைக்கு அடக்கமாக ஓர் ஆட்டம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு பதிப்பாளர் நினைத்தார். கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்பவர் அதை உருவாக்கிக் கொடுத்தார். ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற பெயரில் 1993-ல் அது வெளிவந்தது. மறு வருடமே, 1994-ல், மில்வாக்கி நகரில் ‘ஜென் கான்’ என்ற திருவிழாவிலேயே அதற்கு உலகப் போட்டி வைத்துவிட்டார்கள். 1996-ல் ஜப்பானில் போகிமான் சீட்டு வந்தது. அதற்கு 2004-ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. காத்திருக்கும் நேரத்துக்கென்று பிறந்த ஆட்டம், பிறகு அதற்காகவே ஜனங்கள் விமானம் ஏறுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது!

இனி ஆட்டம். ரம்மியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கட்டு. இதில் அவரவர் கட்டை அவரவர் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போக வேண்டும். சரியாக 60 சீட்டு. எரிசக்திச் சீட்டு என்று ஒரு வகை உண்டு. அதில் சாதாரணமானதைத் தவிர, ஒரே பெயருள்ள சீட்டு நாலுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆட்டம் தொடங்கும்போது கையில் 7 சீட்டு. பரிசுச் சீட்டு என்று 6 கவிழ்த்து வைப்பார்கள். எதிராளியின் பிராணியை வீழ்த்தினால் நம் பரிசுச் சீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஆறையும் முதலில் எடுத்தவருக்கு வெற்றி. பைசா எதுவும் வைத்து ஆடுவதில்லை.

இதில் சாமர்த்தியம் எல்லாம் கட்டைக் கட்டுவதில்தான் இருக்கிறது. எனக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. ஏனென்றால் நாம் தினமும் சமையலறையில் செய்வது அதுதானே! எரிசக்திச் சீட்டு என்பது அடுப்பு எரிய காஸ் மாதிரி. அது இல்லாமல் எந்தப் பிராணியும் பெரிய அடி அடிக்காது. ஒரு முறைக்கு ஒன்றுதான் வைக்கலாம். அதையே நிறைய அடுக்கிக்கொண்டு போனால், சிலிண்டர் நிறைய இருந்து காய்கறி இல்லாத வீடு மாதிரி ஆகிவிடும். குறைத்துவிட்டால் காய் நறுக்கி வைத்து, காஸ் தீர்ந்துபோன கதை. அறுபதுக்குள் எதை எடுப்பது, எதை விடுவது என்று என் மகன் நோட்டுப் போட்டு எழுதி அடித்து எழுதியதைப் பார்த்தபோது, மாதக் கடைசியில் மளிகைச் சீட்டு எழுதும் என்னையே பார்ப்பது போல இருந்தது.

“சரிடா, உன்கிட்ட இருக்கிற கார்டை எல்லாம் எடுத்துட்டு வா” என்றேன். இரண்டு பிஸ்கட் டப்பா நிறையக் கொண்டு வந்து கொட்டினான். பிறந்த நாள் காசு, பாட்டி கொடுத்த பொங்கல் காசு எல்லாம் அதில்தான் போயிருக்கிறது.

என் வீட்டுக்காரர் தோல் தரம் பிரிக்கும் வேலையில் இருபது வருஷம் இருப்பவர். கட்டை விரலால் ஒரு தடவை தடவினாலே தோலின் குணம் சொல்லிவிடுவார். இரண்டு கார்டை எடுத்துத் தடவினார், வளைத்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “டேய், இது ரெண்டும் ஒரே சரக்கு இல்லைடா. ஒண்ணு செலக்‌ஷன்ல தேறாது” என்றார்.

அக்கா மகன் அசந்துவிட்டான். “சித்தப்பா சொல்றது கரெக்ட். ஒண்ணு டூப்ளிகேட்” என்றான். அசல் சீட்டின் அட்டைக்கு நடுவே கறுப்பாக ஒரு மெல்லிய அடுக்கு இருப்பதால் வெளிச்சம் அவ்வளவாக ஊடுருவாது. நகலில் பளிச்சென்று தெரியும். அட்டை மெலிசாக இருக்கும், பின்பக்க நீலம் வெளுத்திருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். இப்படிப் பிரித்துப் பார்த்ததில் டப்பாவில் முக்கால்வாசி போலி! எங்கள் ஊரில் ஒரு கடையில் பத்தும் இருபதும் கொடுத்து வாங்கியவை அவை. போட்டியில் அவற்றைச் சேர்க்கவே மாட்டார்கள். பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது.

அன்றைக்கே ஒரு தீர்மானத்துக்கு வந்தோம். இனிமேல் பாக்கெட் வாங்குவதில்லை. ஆடத் தயாராக 60 சீட்டும் கட்டி விற்கிறார்கள். அதில் அசல் ஒன்று வாங்கிக் கொடுப்பது. அதோடு தேவைப்படும் ஒன்றிரண்டை அண்ணனிடம் மாற்றிக்கொள்வது. அந்தக் கட்டுக்கு அவனே வாரம் பத்து ரூபாய் கழிக்க வேண்டும். மாமியாரிடமும் போய்ச் சொன்னேன். “அத்தை, இதுல காசு வெச்சு ஆடறதில்லை. நானே பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். எனக்குச் சரியாப் படலைன்னா அடுத்த ரயிலுக்குத் திரும்பிடுவோம்.” “என்னவோ பண்ணு” என்றார். அதுவே சம்மதம்தான்.

ஜோலார்பேட்டையில் விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தோம். வாணியம்பாடி, ஆம்பூர் என்று தினப்படி வேலைக்குப் போகிறவர்கள் ஏறி இறங்க, இவன் மட்டும் மடியில் கட்டை வைத்துக்கொண்டு உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான்.

இப்படிப்பட்ட விழாக்கள் நம் நாட்டுக்குப் பழையவை அல்ல. 2011-ல் டெல்லியில் காமிக் கான் என்று ஒன்று தொடங்கி, ஊர் ஊராகப் பரவி, 2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கும் வந்தது. நாங்கள் போனது அதைவிடச் சின்னது. உள்ளே நுழைந்ததும் எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. சினிமாவிலும் சித்திரக்கதையிலும் வருகிறவர்கள் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு வாலிபர்களும் பெண்களும் நடமாடுகிறார்கள். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டை கட்டிக்கொண்டு, புஜகீர்த்தி மின்ன வந்து நிற்பார்களே, அது நினைவுக்கு வந்தது. அட்டையும் ஜிகினாவும் ஒட்டி இரவெல்லாம் கண் விழித்துச் செய்திருக்கிறார்கள். சும்மா சொல்லக் கூடாது, கைவேலை நன்றாகவே இருந்தது.

சீட்டுப் போட்டி ஒரு மூலையில். நீள நீள மேஜைகள். எதிரெதிரே நாற்காலிகள். ஒவ்வொருவரும் தன் கட்டில் இருக்கும் 60 சீட்டையும் காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவே ஆளை ஏமாற்றிச் சீட்டு மாற்றிவிடக் கூடாது அல்லவா? நடுவர்கள் சுற்றி வருகிறார்கள். தொடங்குமுன் எதிராளிக்குக் கை கொடுக்கிறார்கள். அவர் கட்டை இவர் கலைத்து வெட்டுகிறார். எல்லாம் ஒழுங்கு முறையாக இருந்தது. காலை முதல் மாலை வரை பிள்ளைகள் ஒருவரும் செல்போனைத் தொடவில்லை என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆட்டத்தில் என் மகன் தோற்றான். பத்தே நிமிடம். எனக்கு அடிவயிறு கலங்கியது. இதற்கா மூன்று மணிக்கு எழுந்து, புளிச்சாதம் கிளறி, ரயிலேறி வந்தோம்! ஆனால் பாருங்கள், இங்கே தோற்றால் வெளியே அனுப்புவதில்லை. வென்றவருக்கு 3 புள்ளி, சமன் என்றால் 1, தோற்றவருக்குப் பூஜ்யம். அடுத்த சுற்றில் ஒரே அளவு புள்ளி எடுத்தவர்களைச் சேர்த்துவிடுகிறார்கள். ஜெயித்தவனுக்கு ஜெயித்தவன், தோற்றவனுக்குத் தோற்றவன். சுவிஸ் முறை என்று பெயர். 1895-ல் ஜூரிச் நகரில் சதுரங்கப் போட்டிக்கு முதலில் பயன்படுத்தினார்களாம். 2022-ல் நம் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் 11 சுற்று நடந்ததே, அதுவும் இந்த முறைதான்.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். கடைசிப் பிள்ளைக்கும் கடைசிச் சுற்று வரை ஆட இடம் இருக்கிறது. தோற்றவன் தன் நிலையில் இருக்கும் இன்னொருவனைச் சந்திக்கிறான். ‘நான் மட்டும் மக்கு இல்லை’ என்று தெரிந்துகொள்கிறான். இரண்டாவது ஆட்டத்தில் இவன் ஜெயித்தான்.

மூன்றாவது ஆட்டம் எட்டு வயது இருக்கும் ஒரு சிறுமியோடு. நாற்காலியில் மண்டியிட்டு உட்கார்ந்துதான் மேஜைக்கு எட்டுகிறது அந்தக் குழந்தைக்கு. இரண்டு பேரும் சரிசமமாக ஆடினார்கள். அவளிடம் இரண்டு பரிசுச் சீட்டு பாக்கி, இவனிடமும் இரண்டு. அவள் இவனுடைய பெரிய பிராணியை வீழ்த்திவிட்டாள். வீழ்த்திய சந்தோஷத்தில் பரிசுச் சீட்டை எடுக்க மறந்துவிட்டாள். நடுவர் வேறு மேஜையில் இருந்தார். வேறு யாரும் கவனிக்கவில்லை. என் மகன் கையில் இருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று. நான் வாயைத் திறக்கவில்லை. வேடிக்கை பார்ப்பவர்கள் பேசக் கூடாது என்பது விதி.

“நீ பரிசு எடுக்கலை பாப்பா” என்றான்.

அவள் எடுத்தாள். அடுத்த இரண்டு முறையில் கடைசிப் பரிசையும் எடுத்து ஜெயித்துவிட்டாள். ஆட்டம் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு இரண்டு பேருக்கும் உண்டு என்று விதியே இருக்கிறதாம், பிறகு நடுவர் சொன்னார். விதி இருக்கட்டும். ஜெயிக்க இரண்டே சீட்டு பாக்கி இருக்கும்போது பதினோரு வயதுப் பையன் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதற்கு எவ்வளவு சிரமம் என்று பெற்றவளுக்குத்தான் தெரியும். ஐந்து சுற்றில் இரண்டு வெற்றி, மூன்று தோல்வியோடு முடித்தான். கோப்பை இல்லை. எனக்கு அன்றைக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் சகோதரிகளே, இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த மேஜை அல்ல. அதற்கு நாலு அடி தள்ளி இருந்த கடை.

அங்கே பாக்கெட் விற்றார்கள். உள்ளே என்ன சீட்டு இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். பெரும்பாலும் சாதாரணச் சீட்டு. எப்போதாவது மினுமினுவென்று அபூர்வச் சீட்டு ஒன்று. அதை நூறு மடங்கு விலைக்கும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் அங்கேயே நின்றான். போட்டியில் அவன் பெயரே கொடுக்கவில்லை. ஒன்று வாங்குவான், கிழிப்பான், புரட்டுவான், முகம் விழும். மறுபடி ஒன்று. காலடியில் ஜிகினாத் தாள் குப்பையாகக் குவிந்து கிடந்தது. பிறகு ஓரமாகப் போய் போன் போட்டான். “அப்பா, நோட்ஸ் வாங்கணும். ஐந்நூறு ஜி-பே பண்ணுங்கப்பா.” பணம் வந்தது. திரும்பவும் கடைக்கு வந்தான்.

எனக்கு என் மாமியாரின் தம்பி வைத்திருந்த தகர டப்பாதான் கண்முன் வந்து நின்றது. மாமியார் பயந்தது வீண் பயம் அல்ல. பயப்பட வேண்டிய இடம்தான் வேறு. ஆடுகிற மேஜையில் சூதாட்டம் இல்லை. அங்கே யோசனை இருக்கிறது, கணக்கு இருக்கிறது, தோற்றால் கை கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. லாட்டரியின் வாடை அடிப்பது பிரிக்காத பாக்கெட்டில்தான். ‘அடுத்ததில் விழும், அடுத்ததில் விழும்’ என்ற அந்த அரிப்பு இருக்கிறதே, அதற்கு எட்டு வயதும் ஒன்றுதான், எண்பது வயதும் ஒன்றுதான். கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் காசு கொடுத்துத் திறக்கும் மூடு பெட்டிகளை 2018-லேயே பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் சூது என்று சொல்லிவிட்டது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க நம் நாட்டிலும் 2025-ல் சட்டம் வந்திருக்கிறது. காகிதப் பாக்கெட்டுக்கு நாம்தான் சட்டம் போட வேண்டும், நம் வீட்டுக்குள்.

எங்கள் வீட்டில் போட்ட சட்டத்தை எழுதுகிறேன். உங்களுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. ஆடுகிற பிள்ளைக்கு அசல் கட்டு ஒன்று போதும். பாக்கெட் என்பது பிறந்த நாளைக்கு ஒன்று. மிட்டாய் மாதிரி, சோறு மாதிரி அல்ல.

2. ‘கார்டு வாங்கினியா?’ என்று கேட்காதீர்கள். ‘யாரோட ஆடினே?’ என்று கேளுங்கள். ஆடவே ஆடாமல் வாங்கிக்கொண்டே இருக்கிறான் என்றால் உட்கார வைத்துப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

3. விழாக்களில் பெரியவர்கள் வந்து, “இதைக் கொடு, அதைத் தரேன்” என்று சின்னப் பிள்ளைகளிடம் மாற்றுப் பேசுவார்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் மாற்றுவதில்லை, விற்பதில்லை என்று முன்பே சொல்லிவையுங்கள்.

4. சந்தேகமான சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அசலோடு பக்கத்தில் வைத்து விரலால் தடவிப் பாருங்கள். சீட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டால் வியர்வைக் கை பட்டு வீணாகாது.

5. போட்டி நாள் முழு நாள். சாப்பாடு உள்ளே விடுவார்களா என்று முன்பே விசாரியுங்கள். தண்ணீர் பாட்டில் கட்டாயம். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், தூக்கம் வரும். வாழைப்பழமும் வேர்க்கடலையும் நன்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எழுந்து நாலு நடை நடக்கச் சொல்லுங்கள். குனிந்தே இருந்தால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். ‘ஒண்ணுக்கு வருதா?’ என்று நீங்களே கேளுங்கள். ஆட்ட மும்முரத்தில் அவன் சொல்ல மாட்டான்.

6. தோற்று வரும் பிள்ளையிடம் உடனே புத்திமதி வேண்டாம். முதலில் தண்ணீர் கொடுங்கள், பிறகு சாப்பாடு. வயிறு நிறைந்த பிறகு அவனே சொல்லுவான், எந்தச் சீட்டை எப்போது போட்டிருக்க வேண்டும் என்று. நீங்கள் ‘உம்’ கொட்டினால் போதும்.

7. போலிச் சீட்டுகளைத் திட்டிக் குப்பையில் போடாதீர்கள். அதுவும் பிள்ளையின் காசுதான். என் மகன் அவற்றின் பின்பக்கத்தில் காகிதம் ஒட்டி ஆங்கில வார்த்தைகளை எழுதி, தெருப் பிள்ளைகளோடு பொருள் சொல்லும் ஆட்டம் ஆடுகிறான். முதலில் சேர்ந்தவள் பக்கத்து வீட்டு அக்காவின் நாலாம் வகுப்புப் பெண். இப்போது அவள்தான் எல்லோரையும் ஜெயிக்கிறாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை என்ன சேர்க்கிறான், அதை வைத்து ஆடுகிறானா, வெறுமே சேர்க்கிறானா? இன்று சாயங்காலம் காபி கொடுக்கும்போது அந்த டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லிக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். அவன் சந்தோஷமாகக் காட்டுவான்.